ஹைடின் தலையில் விழுந்த மின்னல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பல வருடங்களாகப் பார்க்காமல் விட்டிருந்த ஒரு வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். 'ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்' என்ற யூடியூப் தொடரில் 2010-இல் வந்த பகுதி அது. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின், டிவியில் மாட்டி ஆடும் பழைய என்.இ.எஸ். பெட்டிக்கு 1989-இல் அமெரிக்காவில் வெளியான 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' என்ற ஆட்டத்தைப் பற்றியது. மோசமான வீடியோ கேம்கள் என்று பேச்சு வந்தால் அடிக்கடி அடிபடும் பெயர் அது.

முதல் தடவை பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்தத் தடவை பாதியில் நிறுத்தி, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து திரும்பப் பார்த்தேன். ஒரு நகைச்சுவை வீடியோவுக்குக் குறிப்பு எடுப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொடரைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதை எடுத்து, அதில் 'நெர்ட்' என்ற பாத்திரமாக நடிப்பவர் ஜேம்ஸ் ரோல்ஃப். நியூ ஜெர்சிக்காரர், 1980-இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கேமராவோடு திரிந்து, வீட்டிலேயே திகில் படங்கள் எடுத்துப் பழகியவர். 2004-இல் இரண்டு சின்ன வீடியோக்கள் எடுத்தார். ஒன்று 'காசில்வேனியா 2' என்ற ஆட்டத்தைப் பற்றியது. இன்னொன்று இதே ஜெக்கில் ஆட்டத்தைப் பற்றியது. வெள்ளைச் சட்டை, பையில் வரிசையாகப் பேனாக்கள், கண்ணாடி, கையில் ஒரு பீர் பாட்டில். பழைய மோசமான ஆட்டத்தை ஆடி, பொறுமை இழந்து, வாய்க்கு வந்தபடி திட்டும் ஒரு மனிதன். அவ்வளவுதான் அந்தப் பாத்திரம். 2006-இல் நண்பர் மைக் மாட்டேயின் தூண்டுதலில் அவை யூடியூபுக்கு வந்தன. யூடியூபே அப்போது ஒரு வயதுக் குழந்தை. முதலில் 'ஆங்ரி நிண்டெண்டோ நெர்ட்' என்றுதான் பெயர். அப்புறம்தான் இப்போதைய பெயர் வந்தது. 2014-இல் ரசிகர்கள் கொடுத்த பணத்தில் ஒரு முழு நீளத் திரைப்படம் எடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. இன்று யூடியூபில் கோபமாக விமர்சனம் செய்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு முன்னோடி இந்த மனிதர்தான்.

அந்தப் பாத்திரத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு எப்போதும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் ஒரு அமெரிக்கச் சிறுவனுக்குப் புது ஆட்டம் என்றால் சுமார் 40, 50 டாலர். பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அவ்வளவுதான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்கப் பலருக்கும் வழி இருக்காது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டியின் மேல் நிண்டெண்டோவின் தர முத்திரை ஒன்று இருக்கும். ஆனால் ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு அந்த முத்திரையால் பதில் சொல்ல முடியாது. ஆக, ஒரு சிறுவன் ஆறு மாதம் காத்திருந்து, மோசமான ஆட்டம் ஒன்றை வாங்கிவிட்டால், அடுத்த ஆறு மாதமும் அதைத்தான் ஆட வேண்டும். பிடிக்கவில்லை என்று சொன்னால் வீட்டில் திட்டு விழும். அந்தச் சிறுவன் வளர்ந்து, அந்த ஏமாற்றத்தை மறக்காமல் திரும்பி வந்து நியாயம் கேட்கிறான். நெர்டின் கோபத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எனக்கு அது நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் நாங்கள் 'டிவி கேம்' என்று சொன்னது இதே நிண்டெண்டோ பெட்டியின் நகல்தான். நிண்டெண்டோ என்ற பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. மஞ்சள் கேசட், ஆரஞ்சு நிறத் துப்பாக்கி, மாரியோ, கான்ட்ரா. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருக வேண்டும். ஒரு தீபாவளிக்கு அப்பாவிடம் கெஞ்சி, '9999 ஆட்டங்கள் ஒரே கேசட்டில்' என்று லேபிள் ஒட்டிய ஒன்றை வாங்கினேன். போட்டுப் பார்த்தால் ஏழோ எட்டோ ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அந்தப் பட்டியலின் கடைசி வரை ஒரு இரவு முழுக்க நகர்த்திக்கொண்டே போனேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவர் கொடுத்த பணம் வீணாகிவிட்டது என்று தெரிந்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். நெர்ட் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய ஜெக்கில், ஹைட் கதை பலருக்கும் தெரியும். மரியாதைக்குரிய ஒரு மருத்துவர், மருந்து ஒன்றைக் குடித்து, தனக்குள் இருக்கும் கெட்டவனாக மாறுகிறார். ஜப்பானில் அட்வான்ஸ் கம்யூனிகேஷன் கம்பெனி என்ற நிறுவனம் இதை ஆட்டமாக்கியது. அங்கே 1988-இல் அதை வெளியிட்டது டோஹோ. காட்ஸில்லா படங்கள் எடுத்த அதே டோஹோதான். அடுத்த வருடம் பண்டாய் நிறுவனம் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது.

ஆட்டத்தில் ஜெக்கில் தன் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தேவாலயத்தில் மணப்பெண் மில்லிசென்ட் காத்திருக்கிறாள். நாம் செய்ய வேண்டியது அவரை இடமிருந்து வலமாக நடத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தொப்பி, கோட், கையில் தடி. நடை மிக மெதுவாக இருக்கும். வழியெல்லாம் தொந்தரவு. நாய், பூனை, மேலிருந்து நூலில் இறங்கும் சிலந்தி, தலைக்கு மேல் பறந்து எச்சமிடும் பறவை, கவணால் அடிக்கும் சிறுவன், பாட்டுப் பாடியே துன்புறுத்தும் ஒரு பெண். எல்லாவற்றையும் விடக் கொடுமை, திடீரென்று வந்து காலடியில் குண்டு வைத்துவிட்டு நடந்து போகும் ஒரு ஆள். எதற்கு வைக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

கையில் தடி இருக்கிறதே, அடிக்கலாமே என்று தோன்றும். அதற்கென்று ஒரு பட்டனும் உண்டு. அழுத்தினால் ஜெக்கில் தடியை நீட்டுகிறார். பெரும்பாலான எதிரிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கன்ட்ரோலரில் இருப்பதே இரண்டு செயல் பட்டன்கள்தான். அதில் ஒன்றை ஏறக்குறைய எதற்கும் உதவாத ஒரு தடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் முறை ஆடுபவன் நினைப்பது இதைத்தான்: நான் சரியாக அடிக்கவில்லை. இரண்டாவது முறை: கிட்டே போய் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. பத்தாவது முறைதான் சந்தேகம் ஆட்டத்தின் மேல் திரும்பும். அதுவரை தன்னையே நொந்துகொண்டிருப்பான்.

திரையில் இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று உயிர். இன்னொன்றுக்கு வெறுமனே 'மீட்டர்' என்று பெயர். ஆட்டத்தின் உயிர்நாடி இந்த இரண்டாவது பட்டைதான். நாய் கடித்தால், எச்சம் விழுந்தால், குண்டு வெடித்தால் அது குறையும். அது தீர்ந்துபோனால் ஜெக்கில் வீதியிலேயே துவண்டு விழுந்து ஹைடாக மாறுகிறார். மருந்தெல்லாம் கிடையாது. இது அவருடைய பொறுமையின் அளவு. நாலு பேர் மேலும் மேலும் சீண்டினால் ஒரு நல்ல மனிதன் எந்த இடத்தில் உடைவான் என்பதை ஒரு பட்டையாகத் திரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீவன்சன் கதையில் மருந்து செய்த வேலையை இங்கே வீதி செய்கிறது. 1988-இல், அந்தச் சின்னப் பெட்டிக்குள், இப்படி ஒரு எண்ணம் யாருக்கோ வந்திருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் உண்மையான மரியாதை உண்டு.

ஹைடாக மாறியதும் எல்லாம் தலைகீழாகிறது. இரவு. அதே ஊர், கண்ணாடியில் பார்ப்பது போல. ஜெக்கில் வலப்பக்கம் நடந்தார் என்றால் ஹைட் இடப்பக்கம் போகிறான். ஜெக்கில் நின்று நிதானித்துப் போகலாம். ஹைடின் உலகத்தில் திரை தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும், நிற்க முடியாது. நாய், பூனைக்குப் பதில் பேய்களும் பிசாசுகளும். ஹைடால் அடிக்க முடியும். கையிலிருந்து சுழன்று போகும் ஒரு ஆயுதத்தையும் வீச முடியும். பேய்களைக் கொன்றால் அந்தப் பட்டை மறுபடி நிறையும். நிறைந்தால் ஜெக்கிலாகத் திரும்பலாம்.

இங்கேதான் அந்த மின்னல் வருகிறது. ஹைட் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். உயிர்ப் பட்டை நிறைய இருக்கும். திடீரென்று வானத்திலிருந்து ஒரு மின்னல் இறங்கும், செத்துவிடுவான். எச்சரிக்கை கிடையாது, காரணம் சொல்லப்படுவதும் இல்லை. அன்றைக்குப் பிள்ளைகளைக் கன்ட்ரோலரைத் தூக்கி எறிய வைத்திருக்கக்கூடிய இடம் இதுதான்.

காரணம் என்னவென்றால், ஜெக்கில் எந்த இடத்தில் மாறினாரோ அதே இடத்தை ஹைட் தன் உலகத்தில் எட்டிவிடக் கூடாது. எட்டினால் மின்னல். கெட்டவன் நல்லவனை முந்தக் கூடாது, அவ்வளவுதான் விதி. இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதன் அழகு தெரியும். ஜெக்கில் எவ்வளவு தூரம் அமைதியாக நடந்திருக்கிறாரோ அவ்வளவுதான் ஹைடுக்குக் கிடைக்கும் இடம். வீதியின் ஆரம்பத்திலேயே பொறுமை இழந்தால் ஹைடுக்கு நாலு எட்டு வைக்கக் கூட இடம் இருக்காது. நிதானமாக நெடுந்தூரம் வந்த பிறகு உடைந்தால், திரும்பி வருவதற்கு அவகாசம் இருக்கிறது.

இப்படி விளக்கிச் சொன்னால் இது ஒரு நல்ல ஆட்டத்தின் விதி போலத்தான் இருக்கிறது. எனக்கு வருத்தம் தருவது அதுதான். ஆட்டத்தில் இதை யாரும் சொல்வதில்லை. திரையில் ஒரு சின்ன வரைபடம் கிடையாது. ஹைட் இப்போது எங்கே இருக்கிறான், ஜெக்கில் எங்கே விட்டுப்போனார் என்று காட்டும் ஒரு புள்ளி கூடக் கிடையாது. ஆட்டத்தோடு வரும் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அன்றைக்கு அமெரிக்காவில் நிறையப் பிள்ளைகள் ஆட்டங்களை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறு மட்டும் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வாடகைப் பெட்டியில் கையேடு பெரும்பாலும் இருக்காது. தொலைந்திருக்கும், கிழிந்திருக்கும். கடைகள் கையேட்டை நகல் எடுத்து வைத்ததும் உண்டு. அதற்காக பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடை நிறுவனத்தின் மேல் நிண்டெண்டோ வழக்குப் போட்டது 1989-இல். இந்த ஆட்டம் வந்த அதே வருடம். ஆக, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதை வீட்டுக்குக் கொண்டுபோன பையனுக்கு, அந்த மின்னல் ஏன் விழுகிறது என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

இப்போது நெர்டின் இரண்டு வீடியோக்களுக்கு வருகிறேன். 2004-இல் எடுத்ததில் எரிச்சல்தான் முன்னால் நிற்கிறது. சில நிமிடங்களே ஓடும் வீடியோ. தடி வேலை செய்யவில்லை, குண்டு வைக்கிறான், செத்துப்போகிறோம், என்ன இது என்று கத்துகிறார். வெள்ளிக்கிழமைப் பையனின் குரல் அது. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்து முடித்தவனுக்கு ஆட்டம் மோசம் என்பது தெரியுமே தவிர, அதற்கு மேல் அவன் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது.

2010-இல் அதே ஆட்டத்துக்குத் திரும்பி வருகிறார். ஆறு வருடங்கள் கழித்து. இதற்குள் எத்தனையோ ஆட்டங்களைத் திட்டியாயிற்று, பெயர் வாங்கியாயிற்று. இந்த ஒன்று மட்டும் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது போலிருக்கிறது. இந்தத் தடவை விளக்குகிறார். ஜெக்கிலின் உலகம் எப்படி, ஹைடின் உலகம் எப்படி, பட்டை எதற்கு, மின்னல் எப்போது விழுகிறது. அதோடு நிற்காமல், நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதனைப் பற்றி இந்த ஆட்டம் என்ன சொல்ல வருகிறது என்றும் தேடிப் பார்க்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டேதான் செய்கிறார். ஆனால் தேடல் நிஜமானது.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், என் தொழில் அது. பதினாலு வருடமாக நான் மென்பொருள் டெஸ்டர். யாரோ எழுதிய புரோகிராமை எடுத்து, எங்கே உடைகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் எழுதிய ஒரு குறிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. 'பக்கம் சரியாக வேலை செய்யவில்லை, மிக மோசம்' என்று எழுதியிருந்தேன். எனக்கு மேலே இருந்த அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். "தம்பி, நீங்க கோபமா இருக்கீங்கன்னு புரியுது. என்ன ஆச்சுன்னு புரியல" என்றார். அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், என்ன நடந்தது. மூன்றையும் எழுது. இதைப் படிக்கிறவன் தன் மேசையில் உட்கார்ந்து அதே தவறைத் தானும் வரவழைக்க முடிய வேண்டும்.

நெர்டின் 2004 வீடியோ என் முதல் மாதக் குறிப்பு. 2010 வீடியோ அந்த அக்கா கேட்ட குறிப்பு. தடி பட்டனை அழுத்தினேன், எதிரி விழுவான் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஹைடாக ஓடினேன், உயிர் இருக்கும் வரை ஓடலாம் என்று நினைத்தேன், மின்னல் விழுந்தது, ஏனென்றால் இந்த விதி. இதைப் பார்த்த பிறகு ஆட்டத்தை ஆடினால், அவர் சொன்னது ஒவ்வொன்றும் நம் கையிலேயே நடக்கிறது. மோசமான ஆட்டத்தைப் பற்றிய விமர்சனத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகை விமர்சனத்தைப் பார்த்து வளர்ந்த பலரும் கத்துவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கத்துவது சுலபம். ரோல்ஃபின் நல்ல பகுதிகளில் கோபம் கடைசியில்தான் வெடிக்கும். அதற்கு முன்னால் வெகுநேரம் பொறுமையாக ஆடிக் காட்டுவார், நாமும் கூடவே சேர்ந்து பொறுப்போம். முதல் வீடியோவில் காசில்வேனியா 2-ஐ அவர் திட்டியதும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் பகல் இரவாக மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்றுபோய், ஒரு பெட்டிக்குள் ஒவ்வொரு எழுத்தாக ஒரு வாக்கியம் ஊர்ந்து வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது, எதிரியோடு சண்டையில் இருக்கும்போது, எப்போது வேண்டுமானாலும். அதைத் தவிர்க்க முடியாது. அவர் அதை முழுவதும் நம்மைப் பார்க்க வைக்கிறார். இரண்டாவது முறை அந்தப் பெட்டி வரும்போது அவர் கத்துவதற்கு முன்னாலேயே நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. இதைத்தான் நான் கலை என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. கெட்ட வார்த்தைகளும் மலம், சிறுநீர் சமாசாரங்களும் ஏராளம். அதில் ஒரு பகுதி வசவுக் கலைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் குழாயடிச் சண்டையைக் கேட்டவனுக்கு நீளமாக, அடுக்கடுக்காக, கற்பனையோடு திட்டுவதன் சுவை தெரியும். ஆனால் பல இடங்களில் அது தேவைக்கு மேல் நீள்கிறது. விளக்கம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து விழுகிறது. இன்னொன்று, ஆட்டத்தைச் செய்தவர்களைப் பற்றி நெர்ட் பேசும்போது 'என்ன நினைத்துக்கொண்டு செய்தார்கள்' என்று கேட்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார். உண்மையாகவே என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது மிகக் குறைவு. அந்தப் பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட். ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் பொம்மைத் துண்டுகளுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் எதையாவது மறைத்தாக வேண்டும். பழைய ஆட்டங்களில் உருவங்கள் மினுக் மினுக் என்று மின்னுவது அதனால்தான். அதற்குள் இரண்டு உலகங்கள், இரண்டு ஆட்கள், இரண்டு திசைகள். போதாதென்று இரண்டு முடிவுகள் வேறு. ஜெக்கில் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்று, கடைசிக் கட்டத்தில் ஹைடை வைத்து முடித்தால் வேறொன்று. பெரிய கனவு. அதில் விளக்கத்துக்கு மட்டும் இடம் விடாமல் போய்விட்டார்கள். நானே என் வேலையில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். செய்தவனுக்கு எல்லாம் தெரியும். அதனால் தெரியாதவன் எங்கே தடுக்கி விழுவான் என்பது அவன் கண்ணுக்குப் படுவதே இல்லை.

இதையெல்லாம் வீடியோவில் பார்த்தே எழுதக் கூடாது என்று தோன்றியது. அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் வந்தபோது பழைய என்.இ.எஸ். பெட்டி ஒன்றையும் நாலைந்து கேசட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஜெக்கிலும் இருந்தது. அந்த ஊர் அடாப்டர் நம் கரண்டைத் தாங்காது என்பதால், 110 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி வந்தேன். முதல் தடவை போட்டபோது சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது, படம் வரவில்லை. கேசட்டைக் கழற்றி ஊதினேன். ஊதுவது கேசட்டுக்கு நல்லதில்லை என்று இப்போது தெரியும். ஆனாலும் கை தானாக அதைச் செய்தது. படம் வந்தது.

அன்று அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பதிமூன்று வயது. நெர்டின் வீடியோவை அவளுக்குக் காட்டவில்லை, அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு காட்டவும் முடியாது. ஆட்டத்தை மட்டும் கொடுத்தேன். விதிகள் எதையும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

முதல் ஐந்து நிமிடம் நாயிடம் கடி வாங்கினாள். அப்புறம் கேட்டாள், "சித்தப்பா, அடிக்க முடியாதுன்னா தடியை எதுக்குக் குடுத்தாங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

குண்டு வைப்பவனைப் பார்த்து முதலில் கத்தினாள். மூன்றாவது தடவை அவன் வந்தபோது நின்றாள். அவன் குண்டை வைத்துவிட்டுப் போகும் வரை பின்னால் நகர்ந்து, வெடித்த பிறகு நடந்தாள். ஜெக்கிலை மெதுவாகவே நடத்தினாள். இருந்தாலும் பட்டை தீர்ந்தது, ஜெக்கில் விழுந்தார், இரவு வந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஹைடை வைத்துக்கொண்டு பேய்களை வெளுத்து வாங்கினாள். மின்னல் விழுந்தது.

"ஏன்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

மறுபடி ஆடினாள். மறுபடி மின்னல். நாலைந்து தடவை. முகம் சிவந்துவிட்டது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்தவள் மேசையில் கிடந்த என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கோடு. மேல் கோட்டில் வலப்பக்கம் ஒரு அம்பு, கீழ்க் கோட்டில் இடப்பக்கம் ஒரு அம்பு. வீதியில் பார்த்த விளக்குக் கம்பம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நினைவிலிருந்து இரண்டு கோட்டிலும் குறித்தாள்.

அடுத்த தடவை ஜெக்கில் விழுந்ததும், எந்தக் கதவுக்குப் பக்கத்தில் என்று மேல் கோட்டில் ஒரு புள்ளி வைத்தாள். ஹைடாக ஆடும்போது ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டே போனாள். அந்தக் கதவு திரையின் ஓரத்தில் தெரிந்தது. மின்னல் விழுந்தது. செத்துப்போனதற்கு அவள் கோபப்படவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, பேனாவால் அந்தப் புள்ளியைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வந்துட்டான் சித்தப்பா, அதான்."

அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள்.